திறந்தே கிடந்த வால்வு: ஒரு டிரெய்லர் டேங்க் அடைத்துக்கொண்ட நிகழ்வு ஆய்வு

டெக்சஸில் கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆர்வி பார்க்கில், அதாவது சமையலறை, கழிப்பறையோடு கூடிய வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடத்தில், 24 நாள் தங்கியிருந்தோம். 22-ஆம் நாள் காலை எங்கள் டிரெய்லரின் கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் இறங்காமல் நின்றது. இந்தக் கழிப்பறையில் பெடலை மிதித்தால் அடியில் உள்ள மூடி விலகும், எல்லாம் நேரே கீழே டேங்குக்குள் விழும். நம் வீட்டுக் கழிப்பறை மாதிரி வளைவுக் குழாய் எதுவும் இடையில் கிடையாது. அன்றைக்கு மூடி விலகியது, ஆனால் எதுவும் விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்கின் அடியிலிருந்து குழாயின் வாய் வரைக்கும் காகிதமும் மலமும் சேர்ந்து ஒரு கோபுரம் எழும்பி நின்றது. பார்த்தவுடன் மூடியை மூடிவிட்டு வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கோபுரத்துக்கு அமெரிக்க ஆர்விக்காரர்களிடம் ஒரு பெயரே இருக்கிறது, பூப் பிரமிட், அதாவது மலப் பிரமிட். பெயர் வைக்கும் அளவுக்கு இது அடிக்கடி நடக்கிற ஒன்று என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்படி வந்தது, எப்படிக் கரைத்தோம், அதோடு மற்ற இரண்டு டேங்குகளில் என்னென்ன கண்டுபிடித்தோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். டிரெய்லர் வாங்க யோசிக்கும் நண்பர்கள் சாப்பிடும் நேரத்தில் படிக்க வேண்டாம்.

வண்டி

26 அடி நீள டிரெய்லர், பழையது. பிக்அப் டிரக்கின் பின்னால் இழுத்துப் போவது. உள்ளே நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகன், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மா.

இப்படிப்பட்ட வண்டியில் மூன்று டேங்க் இருக்கும். குடிக்க, சமைக்க, குளிக்க நல்ல தண்ணீர் வைப்பது ஃப்ரெஷ் டேங்க். எங்களுடையது 42 கேலன், அதாவது சுமார் 159 லிட்டர். முழுக்க நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 159 கிலோ, அதையும் டிரக்தான் இழுக்க வேண்டும். சமையல் தொட்டி, வாஷ்பேசின், குளியல் தண்ணீர் எல்லாம் போய்ச் சேருவது கிரே டேங்க். கழிப்பறைக்கு மட்டும் தனியாக பிளாக் டேங்க். இந்த இரண்டும் எங்களுக்குத் தலா 32 கேலன். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை இழுத்தால் பிளாக் டேங்கின் தகடு வால்வு திறக்கும், மற்றதை இழுத்தால் கிரே. இரண்டும் ஒரே 3 அங்குலக் குழாயில் வந்து சேரும். அதில் சுருங்கி விரியும் ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தரையில் இருக்கும் கழிவுநீர்த் துளையில் செருக வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்த் துளை மூன்றும் நம் இடத்திலேயே இருந்தால் அதற்கு ஃபுல் ஹூக்கப் என்று பெயர். எதுவும் இல்லாத இடங்களும் உண்டு. அங்கே டேங்கில் இருப்பதுதான் சொத்து. நிறைந்ததும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஒரு டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிட்டு வரவேண்டும். இந்த இரண்டு வகை இடங்களுக்கும் இரண்டு வகைப் பழக்கம் தேவை. எங்கள் தொல்லை முழுக்க அந்த வேறுபாட்டில்தான் தொடங்கியது.

இரண்டு தவறுகள்

வண்டியை வாங்கிய இடத்தில் விற்பனையாளர் சுற்றிக் காட்டியது மொத்தம் இருபது நிமிடம். ஹூக்கப் உள்ள இடத்தில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ஹோஸை மாட்டு, இரண்டு கைப்பிடியையும் இழுத்துவிடு, அப்புறம் மறந்துவிடு" என்றார். கேட்கச் சுகமாக இருந்தது. வீட்டில் சாக்கடைக் குழாய் எப்போதும் திறந்துதானே இருக்கிறது, இங்கும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். கால்வெஸ்டனில் போய் இறங்கிய அன்றே இரண்டையும் இழுத்துவிட்டு மறந்தேன்.

இது முதல் தவறு. ஆனால் இது மட்டும் என்றால் 22 நாளில் அந்த உயரத்துக்குக் கோபுரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இரண்டாவது தவறு முற்றிலும் எங்களுடையது, அதுவும் நல்லபிள்ளைத்தனத்தில் வந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் விடுமுறையில், பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஹூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 600 மைல். அங்கே ரியோ கிராண்ட் வில்லேஜ் முகாமில் இடம். ஹூக்கப் எதுவும் கிடையாது. 42 கேலனில் நான்கு பேர் ஐந்து நாள் ஓட்ட வேண்டும். அப்போது வீட்டில் ஒரு சட்டமே போட்டிருந்தேன். குளிக்கும்போது உடம்பை நனை, ஷவரை மூடு, சோப்புப் போடு, மறுபடி திற. கழிப்பறைப் பெடலை அரை நொடிக்கு மேல் மிதிக்காதே. முக்கியமாக, குளியலறையில் மக் வேண்டாம், காகிதம் போதும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கடைப்பிடித்தார்கள். ஐந்தாம் நாள் டேங்கில் இன்னும் மிச்சம் இருந்தது. எனக்கு ஏதோ பரிசு வாங்கியது மாதிரி பெருமை.

அந்தச் சட்டத்தை அப்படியே கால்வெஸ்டனுக்கும் கொண்டு போனோம். அங்கே குழாய்த் தண்ணீர் தாராளம், கழிவுநீர்த் துளை ஐந்தடி தள்ளி இருக்கிறது. இருந்தும் பெடலை அரை நொடிதான் மிதித்தோம், காகிதம்தான் பயன்படுத்தினோம். அம்மாவுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இது ஒப்பவில்லை. "ஏம்ப்பா, தண்ணி ஊத்தாம அது எப்படிப் போகும்?" என்று கேட்டார். "இது வேற சிஸ்டம்மா" என்று நான் சொன்ன பதில் இப்போதும் வீட்டில் அவ்வப்போது எனக்கே திருப்பிச் சொல்லப்படுகிறது.

ஏன் குவிந்தது

அம்மாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய் மடையை லேசாகத் திறந்தே போட்டுவைத்தால் தண்ணீர் ஒழுகிப் போய்விடும், வண்டல் அங்கேயே தங்கிவிடும். கண்மாய் நிறைந்திருக்கும்போது மடையை ஒரேயடியாகத் திறந்தால்தான் தண்ணீர் இழுக்கும் வேகத்தில் சகதியும் கூடப் போகும். பிளாக் டேங்கும் இதேதான், அளவு மட்டும்தான் சிறிது.

வால்வு திறந்தே இருந்தால் சிறுநீரும் பெடல் தண்ணீரும் உடனே வடிந்து வெளியேறிவிடும். திடப்பொருளும் காகிதமும் விழுந்த இடத்திலேயே, அதாவது கிண்ணத்துக்கு நேர் கீழே, ஈரம் வற்றி இறுகும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு. டேங்கின் தரை ஏறக்குறையச் சமதளம்தான், தானாக உருண்டு போகிற அளவுக்குச் சரிவு கிடையாது. கழிவை நகர்த்துவது தண்ணீர் மட்டும்தான். மூடிய டேங்கில் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்காவது சேர்ந்த பிறகு வால்வை இழுத்தால், அந்த எடை முழுவதும் 3 அங்குலக் குழாய் வழியே ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் துடைப்பம். நாங்கள் துடைப்பத்தைத் துளித்துளியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தோம்.

வால்வைத் திறந்து வைப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. பார்க்கின் கழிவுநீர்க் குழாயிலிருந்து நாற்றமும் சின்னச் சின்னச் சாக்கடை ஈக்களும் ஹோஸ் வழியாக மேலே ஏறி நம் டேங்குக்கு வரும். 15-ஆம் நாள் வாக்கில் குளியலறையில் இரண்டு மூன்று ஈக்களைப் பார்த்தோம். ஜன்னலைச் சாத்திவிட்டு அதை மறந்துவிட்டோம்.

தவறவிட்ட அறிகுறிகள்

ஈக்கள் ஒன்று. இன்னொன்று சுவரில் இருக்கும் விளக்குப் பலகை. 17-ஆம் நாளிலிருந்து பிளாக் டேங்க் 'நிறைந்தது' என்று காட்டியது. வால்வு திறந்திருக்கும்போது எப்படி நிறையும், இந்த சென்சார் எப்போதும் பொய்தான் சொல்லும் என்று விட்டுவிட்டேன். சொல்லப்போனால் அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இந்த சென்சார்கள் டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் பொருத்திய திருகாணிகள். திருகாணிக்குத் திருகாணி தண்ணீர் வழியாக மின்சாரம் கடந்தால் அந்த விளக்கு எரியும். ஈரக் காகிதம் ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டாலும் மின்சாரம் கடக்கும். அதனால் காலி டேங்க் பாதி என்று காட்டுவது சகஜம். ஆனால் 'பாதி' என்று பொய் சொல்வது வேறு, ஒரு விளக்கு, இரண்டு விளக்கு, மூன்று விளக்கு என்று நாளுக்கு நாள் ஏறி 'நிறைந்தது' என்று நிற்பது வேறு. அந்த ஏற்றத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

எது அடைத்திருக்கிறது?

கோபுரத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று. இருந்தாலும் வால்வும் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சில வண்டிகளில் கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையே நீளமான கம்பி போகும். அந்தக் கம்பி அறுந்தால் கைப்பிடி மட்டும் வரும், தகடு நகராது. எங்கள் வண்டியில் தகடு நேரடியாகக் கைப்பிடியில் இருக்கிறது. இழுத்துத் தள்ளிப் பார்த்ததில் தகடு ஒழுங்காக நகர்ந்தது, உள்ளே போய் நின்ற ஓசையும் கேட்டது. ஹோஸுக்கு முன்னால் முழங்கை என்று சொல்லும் வளைந்த குழாய் இணைப்பு ஒன்றை மாட்டியிருந்தேன், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக். வண்டிக்காக நான் வாங்கியவற்றில் உருப்படியான முதல் பொருள் அதுதான். கிரே வால்வைத் திறந்தால் தண்ணீர் தாராளமாகப் போவது அதில் தெரிந்தது. ஆக, ஹோஸிலோ தரைத் துளையிலோ அடைப்பு இல்லை. பிளாக் வால்வைத் திறந்தால் வெறும் ஒரு நூல் ஒழுக்கு. சரி, குற்றவாளி டேங்குக்குள்தான்.

பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்பவர். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். "ஆளைக் கூப்பிட்டால் சில நூறு டாலர் கேட்பான். உனக்கு அவசரம் இல்லையென்றால் தண்ணீரும் பொறுமையும் போதும்" என்றார். குழாயில் எவ்வளவு தண்ணீர் போனது என்று காட்டும் சின்ன வாட்டர் மீட்டர் ஒன்றையும் கொடுத்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மீட்டர் சொன்ன கணக்கு

இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பகுதி இதுதான். டேங்குக்குள் எவ்வளவு மலம் இறுகிக் கிடக்கிறது என்பதை எட்டிப் பார்த்துக் கணிக்க முடியாது. ஆனால் அளக்க முடியும். வால்வை மூடிவிட்டு, மீட்டர் வழியாகத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தின் அடிக்கழுத்தில் தண்ணீர் தலைகாட்டும் வரை எத்தனை கேலன் போனது என்று பார்த்தால் போதும். டேங்கின் கொள்ளளவு 32. போனது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இடத்தை வேறு ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் கோபுரத்தின் உச்சியில் தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும். மூன்றடி நீளத்துக்கு வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றால் நடுவில் ஒரு துளை போட்டேன். மரக்கட்டையோ இரும்புக் கம்பியோ வேண்டாம், சென்சாரையும் டேங்கின் சுவரையும் பதம் பார்த்துவிடும். நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு முகக்கவசம். மகனை அன்றைக்குக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டோம். கழிப்பறைக்குப் பார்க்கின் பொது வசதி.

எங்கள் வண்டியில் டேங்குக்குள் தண்ணீர் பீச்சிக் கழுவும் ஏற்பாடு ஒன்று வெளிச்சுவரில் இருந்தது. வாங்கிய அன்று அதை விரலால் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அதில் மீட்டரை மாட்டி, தனி ஹோஸ் ஒன்றை இணைத்தேன். குடிநீர் ஹோஸை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் குடிநீருக்கு வெள்ளை, இதற்குப் பச்சை, இரண்டும் வேறு வேறு பெட்டியில். அப்புறம், வால்வை மூடி இந்தக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு காபி குடிக்கப் போகவும் கூடாது. டேங்க் நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அது கிண்ணம் வழியாக உள்ளே பொங்கும், அல்லது கூரையில் இருக்கும் காற்றுக்குழாய் வழியாக வழியும். மனைவி உள்ளே கிண்ணத்தைப் பார்த்தபடி, நான் வெளியே குழாயைப் பிடித்தபடி, நடுவில் போன் பேச்சு.

முதல் நாள் மீட்டர் 22 கேலனில் நின்றது. அதாவது 10 கேலன், கிட்டத்தட்ட 38 லிட்டர் இறுகிய கழிவு உள்ளே. இரண்டு குடம் தாராளமாக நிறையும். என்சைம் கலந்த டேங்க் மருந்து ஒரு பங்கு ஊற்றி, 24 மணி நேரம் அப்படியே விட்டேன். மறுநாள் வால்வை இழுத்ததும் தண்ணீர் பழுப்பாக வந்தது, ஆனால் கட்டி எதுவும் வரவில்லை. மூடி மறுபடி நிரப்பினால் 24. இன்னொரு நாள் ஊறல். 26. கோபுரத்தின் உச்சி சரிந்துவிட்டது, அடிவாரம் அசையவில்லை.

24-ஆம் நாள் கிளம்பியாக வேண்டும். டேங்கில் 20 கேலன் தண்ணீரை விட்டு, வால்வை மூடி, அப்படியே கிளம்பினோம். ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 80 மைல். திருப்பங்களிலும் பிரேக்கிலும் சுமார் 75 கிலோ தண்ணீர் உள்ளே அடித்துப் புரண்டுகொண்டே வந்தது. வழியில் ஒரு டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தி வால்வை இழுத்தேன். முதலில் தண்ணீர். அப்புறம் ஒரு கணம் நின்றது. பிறகு 'பொதக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழங்கை முழுக்க இருட்டி, ஹோஸ் பாம்பு மாதிரி ஒருமுறை துள்ளியது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மையார் தன் வண்டிக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அங்கேயே ஒரு சுற்று நிரப்பிக் காலி செய்தேன். அதற்கு மேல் பின்னால் இருப்பவர்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை. நிரப்பும்போது மீட்டர் 30. அடுத்த வாரம் ஒரு மாநிலப் பூங்காவில் ஃபுல் ஹூக்கப் இடம் ஒரு இரவுக்கு எடுத்து, சுழலும் முனை கொண்ட கழுவுகோல் ஒன்றைக் கிண்ணம் வழியாக உள்ளே விட்டு, முழங்கையில் தெளிவான தண்ணீர் வரும் வரை நான்கு சுற்றுக் கழுவினேன். கடைசி அளவு 31.5 கேலன்.

ஊற்றாதவை

அந்த மூன்று நாளில் எனக்கு வந்த யோசனைகள் ஏராளம். அவற்றில் மூன்றைப் பற்றி மட்டும். ஐஸ்கட்டி நிரப்பி வண்டி ஓட்டினால் அது உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்யும் என்பது முதலாவது. ஐஸ் மிதக்கும், அடியில் இருக்கும் கழிவை அது எப்படித் தேய்க்கும்? மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நீந்திவிட்டு உருகிப் போகும். இரண்டாவது ப்ளீச். கழிவைக் கரைக்கப் பாக்டீரியாவும் என்சைமும் உள்ள மருந்தை ஊற்றிவிட்டு, அதே டேங்கில் ப்ளீச்சும் ஊற்றினால் நாமே காசு கொடுத்து வாங்கியதை நாமே கொல்கிறோம்.

மூன்றாவது ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகை நீல மருந்து. நாற்றத்தை நன்றாகவே அடக்கும், பாக்டீரியாவைக் கொன்றுதான் அடக்கும். பல முகாம்களில் கழிவு போய்ச் சேருவது நகரச் சாக்கடைக்கு அல்ல, அங்கேயே புதைத்திருக்கும் செப்டிக் டேங்குக்கு. அதுவும் பாக்டீரியாவை நம்பித்தான் இயங்குகிறது. கலிபோர்னியாவில் ஆர்வி கழிவு டேங்குக்கான மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டெக்சஸ்காரனான எனக்குச் சட்டம் தடுக்காவிட்டாலும் வாங்குவதில்லை.

மருந்துகளைப் பற்றி என் தீர்ப்பு, அவை உப்பு மாதிரி. சோறு தண்ணீரில்தான் வேகிறது.

கிரே டேங்க்: ரசத்தின் பழி

பிளாக் டேங்க் சுத்தமான பிறகும் வண்டிக்குள் ஒரு நாற்றம் தங்கியிருந்தது. புளித்த, சாக்கடை வாடை. கழிப்பறையை மோப்பம் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் வீணாக்கினேன். மூலம் சமையல் தொட்டிக்குக் கீழே இருந்தது.

கிரே என்றால் சோப்புத் தண்ணீர்தானே என்று எல்லோரும் இளக்காரமாக நினைக்கிறார்கள். நம் சமையலுக்கு அப்படி இல்லை. வடித்த கஞ்சி, புளிக்கரைசல், தாளித்த எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, தட்டில் மிஞ்சிய குழம்பு எல்லாம் ஜூன் மாத டெக்சஸ் வெயிலில் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடந்தால் என்ன ஆகும்? எண்ணெய் சுவரில் படிந்து சென்சாரையும் மூடிவிட்டது. பிளாக் டேங்கை விட இதுதான் அதிகம் நாறியது என்று சத்தியம் செய்வேன்.

வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி, பாதி நிரப்பி ஓட்டி, இரண்டு முறை காலி செய்ததும் போனது. பிறகு சமையலறையில்தான் மாற்றம். கழுவும் முன் தட்டைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுகிறோம். எண்ணெய் பழைய பால் கேனுக்குப் போகிறது. தொட்டித் துளைக்குக் கம்பிவலை வடிகட்டி. கஞ்சியை அம்மா வடிப்பதையே விட்டுவிட்டு குக்கருக்கு மாறினார், முகம் சுளித்தபடி.

நாற்றத்துக்கு இன்னொரு எளிய காரணமும் இருந்தது. தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் டேங்கின் காற்று மேலே வராது. வண்டி குலுங்கினாலோ வாரக்கணக்கில் சும்மா நின்றாலோ அந்தத் தண்ணீர் போய்விடும். போய் இறங்கியதும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

இப்போது ஹூக்கப் இடத்திலும் இரண்டு வால்வையும் மூடியே வைக்கிறோம். பிளாக் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் முதலில் அதைத் திறப்பது, அது நின்றதும் மூடிவிட்டு கிரேயைத் திறப்பது. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும். வரிசையை மாற்றினால் கையில் எடுத்து மடிக்க வேண்டிய ஹோஸில் கடைசியாக ஓடியது எது என்று யோசித்துப் பாருங்கள். நீண்ட நாள் தங்கும்போது கிரே சீக்கிரமே நிறையும். நடுவில் அதை மட்டும் காலி செய்யலாம். ஆனால் பிளாக்கைத் திறக்கும் நாளில் கிரேயில் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

நல்ல தண்ணீர்

இவ்வளவும் நடந்த பிறகு அம்மா வண்டித் தண்ணீரைத் தொட மறுத்தார். டேங்குகள் தனித்தனி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று படம் வரைந்து காட்டியும் பலனில்லை. ஆனால் ஃப்ரெஷ் டேங்கைக் கடைசியாக எப்போது கிருமிநீக்கம் செய்தாய் என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை.

அதற்கான அளவு எளிது. 15 கேலன் கொள்ளளவுக்கு கால் கப் வாசனை சேர்க்காத ப்ளீச். எங்கள் 42 கேலனுக்கு முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 165 மில்லி. நேரே ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்பி, பம்ப்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாடை வரும் வரை ஓடவிட்டு மூடினேன். வாட்டர் ஹீட்டரை மட்டும் பைபாஸ் வால்வு வழியாக ஒதுக்கிவைத்தேன். இரவு முழுக்க விட்டு, காலையில் வடித்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசியாயிற்று. வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்தில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

ஹீட்டரில் தனியாக ஒரு வேலை கிடைத்தது. வெந்நீர்க் குழாயில் மட்டும் அழுகிய முட்டை வாடை அடித்தது. இரும்புத் தொட்டி கொண்ட ஹீட்டர்களில் துரு ஏறாமல் தன்னையே அரித்துக்கொள்ளும் ஒரு மக்னீசியக் கோல் இருக்கும். தண்ணீர் தேங்கிக் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அந்தக் கோலின் துணையோடு இந்த வாடையை உண்டாக்கும். கேஸையும் மின்சாரத்தையும் அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, 1 1/16 அங்குல சாக்கெட்டால் கழற்றினேன். கோல் கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. புதிது மாட்டி, தொட்டியை அலசியதும் வாடை நின்றது. சூடாக இருக்கும்போதோ அழுத்தம் இருக்கும்போதோ அதைக் கழற்றினால் வெந்நீர் நேரே முகத்துக்கு வரும்.

ஹூஸ்டனில் குளிர்காலத்துக்கென்று பெரிதாக எதுவும் செய்ய மாட்டோம். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்க உறைந்து வீடு வீடாகக் குழாய்கள் வெடித்ததிலிருந்து அந்த அலட்சியம் போய்விட்டது. இப்போது டிசம்பரில் டேங்குகளை வடித்து, ஹீட்டரை ஒதுக்கி, ஆர்விக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறையாத் திரவத்தைக் குழாய்களில் ஏற்றிவிடுகிறேன். இரண்டு மூன்று கேலன் போதும். காருக்கு ஊற்றுவது விஷம், அதை இதில் ஊற்றக் கூடாது.

இன்றைய நிலை

அடுத்து அக்டோபரில் நான்கு நாள் பயணம். திரும்பும்போது டம்ப் ஸ்டேஷனில் பிளாக் டேங்க் ஒரே பாய்ச்சலில் காலியானது, ஒரு அலசலிலேயே முழங்கை தெளிந்தது. வீட்டுக்கு வந்து மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 31.5, மாறவில்லை. எங்கோ ஒரு மூலையில் மிச்சமிருக்கும் அரை கேலனை அதன் போக்கில் விட்டுவிட்டேன். சுவர்ப் பலகையில் மட்டும் காலி டேங்குக்கும் ஒரு விளக்கு எரிகிறது. அதை நம்புவதில்லை, ஆனால் இரண்டாவது விளக்கு எரிந்தால் போய்ப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறை காலி செய்த பிறகும் கிண்ணம் வழியாக ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறோம். குளியலறையில் இப்போது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக் இருக்கிறது. பிக் பெண்ட் மாதிரி இடத்துக்குப் போனால் அது அலமாரிக்குள் போகும், மற்ற இடங்களில் வெளியே இருக்கும். ஓடும்போது விழாமல் இருக்க, அம்மா ஊருக்குத் திரும்பும் முன் அதன் காதில் ஒரு கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்.